இடப்பக்கம் வளைந்த கட்டை

“டேய் நாணய்யா! எங்கடா ஒளிஞ்சிருக்கே? வாடா இங்கே!”

உத்தய்யா போட்ட சத்தத்தில் மைதானமே திரும்பிப் பார்த்தது. துப்பாக்கியைத் தோளில் வைப்பதும் எடுப்பதுமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

குதிக்காமல் என்ன செய்வார்? குடகில் ஆயுதங்களுக்குப் பூஜை போடும் கைல்போள்து பண்டிகை. மர உச்சியில் கட்டியிருந்த தேங்காய்களில் கடைசித் தேங்காய்தான் பாக்கி. சுட வேண்டிய முறை அவருடையது. போன வருஷம் குறி தப்பிவிட்டது. “இந்தத் தடவையும் தப்பினா, துப்பாக்கியைத் தம்பி கையில கொடுத்துட்டு வீட்டோட உக்காந்துடறேன்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அறுபத்திரண்டு வயதில் இப்படியொரு சபதம் தேவையா என்று வீட்டில் கேட்டதற்கு, இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை.

துப்பாக்கிப் பட்டறை நாணய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“என்னண்ணா?”

“என்னவா? மெருகு போடக் கொடுத்தா, கட்டையை இடப்பக்கம் வளைச்சு வச்சிருக்கே! நான் இடக்கைக்காரனாடா?”

வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு, தோளில் பதிகிற மரக்கட்டை இம்மி வலப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் கன்னத்தைப் பதித்ததும் கண் குழலுக்கு நேராக வரும். இதுவோ நேர் எதிர்ப்பக்கம் போயிருந்தது. கன்னத்தை எப்படிப் பதித்தாலும் கண் குழலைவிட்டு விலகியே நின்றது.

நாணய்யா தலையைச் சொறிந்தான்.

“மன்னிச்சுக்குங்கண்ணா. பக்கத்துல இடக்கைக்காரர் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு. கட்டை இளக எண்ணெய் காய்ச்சி ஊத்தறப்ப அதுக்கு வளைக்கறதை இதுக்கு வளைச்சுட்டேன்.”

“குடிச்சிருந்தியா?”

“பண்டிகைக்கு முன்னாடி குடிப்பேனாண்ணா?”

“பூஜைக்கு முந்தின ராத்திரி கொண்டாந்து கொடுத்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்!”

பூஜையறையில் வைத்த துப்பாக்கியைப் பூஜை முடிகிறவரை யாரும் தொடுவதில்லை. அதனால் பூச்சூட்டிக் கும்பிட்டு, நேரே மைதானத்துக்குக் கொண்டுவந்துதான் அவர் தோளிலேயே வைத்துப் பார்த்தார்.

கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. “அன்னிக்கு நாணய்யா பட்டறையில பெள்ளியப்பாவைப் பாத்தேனே!”

அவ்வளவுதான், தீ பற்றிக்கொண்டது. போன வருஷம் ஜெயித்தவர் பெள்ளியப்பா. இன்றும் உத்தய்யாவுக்கு அடுத்து சுடப்போகிறவர் அவர்தான். இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து முட்டிக்கொள்கிற ஜோடி.

“ஓகோ, உன் வேலையாடா இது? கட்டையைத் திருகி ஜெயிக்கப் பாக்கறியா? வெக்கமா இல்ல?”

பெள்ளியப்பா மீசையை நீவிக்கொண்டார்.

“ஆடத் தெரியாதவன்தான் காரணம் தேடுவான். முடியலேன்னா என் துப்பாக்கியை எடுத்துக்க.”

“உன் வீட்டுத் துப்பாக்கியையா? அதைத் தொடறதுக்கு நான் மரத்து மேல ஏறித் தேங்காயைக் கையால பறிப்பேன்!”

“அப்ப இடது தோள்ல வச்சு சுடேன். பொட்டு தைரியம் இருந்தா!”

கூட்டம் ‘ஓ’வென்று கூவியது. பெண்கள் பக்கமிருந்து உத்தய்யாவின் மனைவி தேச்சம்மா, “வேணாங்க, மானம் போயிடும்!” என்று கத்தினாள்.

அதன் பிறகு விடுவாரா மனுஷன்? துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினார். கன்னம் கட்டையில் பொருந்தி உட்கார்ந்தது. வலது கண்ணை மூடினார்.

டமார்!

தேங்காய் சிதறி, தண்ணீர் கீழே நின்றவர்கள் தலையில் தெளித்தது.

கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு உத்தய்யா ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, மானம் போய்விடும் என்ற தேச்சம்மாவே கைதட்டினாள். ஆடிக்கொண்டே அவர் பெள்ளியப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

“இடது கையாலேயே உன்னைத் தோக்கடிச்சேன் பாத்தியா, திருட்டுப் பயலே!”

ஊர் சிரித்தது. பெள்ளியப்பா பந்திக்கு நடந்தார்.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனசில்லை. நாணய்யாதான் கடம்புட்டு அரிசி உருண்டையும் பன்றிக்கறியும் வைத்த தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

“அண்ணா, என்னைக் குடிகாரன்னது பரவாயில்ல. உங்களைத் திருடன்னுட்டாரே! நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்.”

“என்ன சொல்லுவே? வளைக்கச் சொன்னது நான்தானே?”

“ஏன் வளைக்கச் சொன்னீங்கன்னு சொல்றேன்.”

“வாயைத் திறந்தே, பல்லைப் பேத்துடுவேன். இன்னிக்கு ஒரு நாள் அவன் ஆடட்டும்.” பெள்ளியப்பா கறியை ரசித்து மென்றார். “மூணு மாசமா சீட்டு விளையாடறப்ப அவனுக்கு வலப்பக்கமாத்தான் உக்காந்திருக்கேன். அவன் கையில இருக்கற சீட்டெல்லாம் எட்டிப் பாக்கறேன், பயலுக்குத் தெரியவே இல்லடா! வலது கண்ணுல அப்படிப் புரை விழுந்திருக்கு. கேட்டா, மழைப்பனி மறைக்குதுங்கறான்.”

“அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே அண்ணா?”

“கூடப் போட்டி போடற நான் போய், உன் கண்ணு சரியில்ல, இடது தோளுக்கு மாத்திக்கடான்னா கேப்பானா? என் மேல இருக்கற வீம்புக்கே வலது தோள்ல வச்சு, குறி தப்பி, துப்பாக்கியைத் தம்பிகிட்ட கொடுத்துட்டு மூலையில உக்காந்திருப்பான். நாளைக்கு அவனை மைசூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போகப் போறேன். கண்ணு தெளிஞ்சதும் கட்டையைப் பழையபடி வலப்பக்கம் வளைச்சுக் கொடுத்துடு.”

“இவ்வளவு பாசத்தை வச்சுக்கிட்டு எதுக்குண்ணா தினம் சண்டை?”

“பாசமாவது மண்ணாவது! அவனைத் தோக்கடிக்க நான் ஒருத்தன் இருக்கேன்டா. நடுவுல புரைக்கு என்ன வேலை?”