ஒரு கை கிளேஸ்

“சென்னைக்கு அனுப்பின வில்லைங்க மேல கிளேஸ் பூசினீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

முதலாளி குருமூர்த்திக்குச் சுருக்கென்றது. எது வேண்டுமானாலும் கேள், கிளேஸ் பற்றி மட்டும் முதலாளியிடம் வாயைத் திறக்காதே என்று வாட்ச்மேன் கொளஞ்சியப்பன் கேட்டிலேயே அவளிடம் சொல்லித்தான் உள்ளே விட்டிருந்தான். அப்படியும் கேட்கிறாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குக் கம்பெனி அந்தப் பளபளப்புப் பூச்சுதான் தொழில் ரகசியம். வந்தவளை ஏற இறங்கப் பார்த்தார். தூக்கம் கெட்ட கண்கள். கழுத்து மொட்டை, கையில் ஒரு வளையல்கூட இல்லை. காசுக்கு உளவு பார்க்க வந்தவள்தான்.

“எந்தக் கம்பெனி உன்னை அனுப்பிச்சுது?”

“எந்தக் கம்பெனியும் இல்லீங்க. பேட்டரி ஆராய்ச்சிக்குன்னு நாப்பது பீங்கான் வில்லை குடுத்தீங்களே, அதைத்தான் கேக்குறேன். ஆறு மாசமா போன் அடிக்கிறேன், எடுத்தாத்தானே!”

“அதுவா?” குருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. சுவரில் ஓர் ஆங்கிலக் கட்டுரையின் முதல் பக்கம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. “எனக்குப் படிக்க வராது. புரொபசர் சொன்னாரு. ஒரு நொடியைக் கோடி கோடியா நறுக்கி, அந்தத் துணுக்குல நம்ம வில்லையும் லித்தியமும் தொடுற எடத்துல என்ன நடக்குதுன்னு லேசர்ல பாத்தாங்களாம். லேசர் ஒளி பட்டுத் தெறிக்கும்னு அந்த ரூமுக்குள்ள மினுக்குற சாமானே போடக் கூடாதாம். அங்க புதுசா ஒரு படலம் உண்டாவுதாம். பேட்டரி பத்து வருஷம் உழைக்குமாம்!”

“ஒரு படலமும் உண்டாவல. பேட்டரியில வைக்காத வில்லையிலயும் அதே படலம் இருக்குது. வெறும் வில்லைதானே கேட்டாங்க?”

“கிளேஸ் இல்லாம என் சரக்கு வெளிய போனா ஊரே சிரிக்கும். ஸ்பாஞ்சுல தொட்டு லேசா ஒரு கை தடவச் சொன்னேன். கண்ணுக்கே தெரியாதே!”

“லேசருக்குத் தெரியும்ங்க! அந்தப் பூச்சுதான் அந்தப் படலம்!” மேசையில் ஓங்கி அறைந்தாள். “போனை எடுத்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு வலிச்சுதா?”

செல்போனை எடுத்து மளமளவென்று ஏதோ அடித்தாள்.

“என்ன பண்ற?”

“கட்டுரை தப்பு, எடுத்துடுங்கன்னு பத்திரிகைக்கு மெயில். காலையில பஸ் ஏறும்போதே எழுதிட்டேன். இந்த ஒரு வரிதான் பாக்கி.” அனுப்பிவிட்டு எழுந்தாள்.

குருமூர்த்தி பதறிப் போய்க் குறுக்கே வந்தார். “ஏம்மா, இவ்வளவு வயித்தெரிச்சலா உனக்கு? அந்தக் கட்டுரையை எழுதினது ஒரு சின்னப் பொண்ணாம். அது குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முத ஆளாம். இது போச்சுன்னா அதோட டாக்டர் பட்டமும் போயிடும். நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியில எப்படி முழிப்ப?”

அவரை விலக்கிக் கதவைத் தள்ளியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணே நான்தாங்க.”