கைப்பையில் போன ஹார்ட் டிஸ்க்

"டேய், அம்மா வர்றதுக்குள்ள அதை மூட்டை கட்டிடு. சொன்னாக் கேளு!"

அக்கா கெஞ்சிக்கொண்டிருந்தாள். தம்பி எங்கே கேட்டான்? பரணிலிருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டருக்கு வயரெல்லாம் மாட்டிவிட்டு, கையில் ஒரு சிடியோடு சட்டமாக உட்கார்ந்திருந்தான். சிடியின் மேல் 'தாவரவியல் படங்கள்' என்று அக்காவின் உருண்டை எழுத்து. உள்ளே ஒரு இலை தழைகூடக் கிடையாது. இருந்தது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்.

"நாளைக்குக் காயலான் கடைக்காரர் வந்து இதை அள்ளிட்டுப் போயிடுவாருக்கா. கடைசியா ஒரு தடவை பார்த்துக்கறேனே."

அம்மா இனி அக்கா வீட்டோடு என்று முடிவாகி, வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அம்மாவா, ஒரு பொருளைத் தூக்கிப் போட விடுவதாயில்லை. காலையில் அக்கா ஒழித்துப் போட்ட உடைந்த டப்பா, பிடி இல்லாத வாணலி, எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் பிசுபிசுத்துக் கிடந்த பழைய சிடி, எல்லாம் மறுபடி அலமாரிக்கே போய்ச் சேர்ந்திருந்தன.

அக்காவுக்கு இப்போது பெரிய பெரிய சர்வர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. அந்தப் பெருமையில் பாதி அம்மாவுடையது.

"கடைசி வருஷப் பரீட்சை. இவ பொழுதன்னிக்கும் கார் ரேஸ் விளையாடிட்டிருந்தா. பார்த்தேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக் கைப்பையில போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டேன். வருஷம் பூரா! இன்னைக்கு இவ இப்படி இருக்கான்னா அதனாலதான்." சம்பந்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை இந்தக் கதையைக் கேட்காத ஆள் பாக்கி இல்லை.

"டிஸ்க் இல்லாமலே நாம இதை ஓட்டினோம்னு தெரிஞ்சா அம்மாவுக்கு எப்படிடா இருக்கும்? சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்ட கதைடா. உடைச்சிடாதே." என்றாள் அக்கா.

அப்பப்பா, அந்த ஒரு சிடிக்காகப் பட்ட பாடு! சிடியிலிருந்தே ஓடும், ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை என்று எங்கோ படித்துவிட்டு, பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புக்குள் தவம் கிடந்தாள் அக்கா. முக்கால்வாசி இறங்கியிருக்கும், லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. ஒரு வழியாக இறக்கி, அங்கேயே தன் கையால் சிடியில் எரித்துப் பதிந்து, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. அன்றைக்கு அவள் அழுத அழுகை! சிடியை அகராதிக்குள் சொருகிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

"ரெண்டு நாள் கழிச்சு நான் ஊதிப் போட்டேன். டக்குனு வந்துச்சு, ஞாபகமிருக்கா?" என்றான் தம்பி.

"ஆமா, பெரிய மந்திரவாதி. தூசி கீசி இருந்திருக்கும்."

அதற்கப்புறம் தினமும் அம்மா வரும்வரை கம்ப்யூட்டர்தான். விளையாட்டு ஒன்றும் இல்லாததால் அக்கா கட்டளைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், அதிலேயே கிறுக்குப் பிடித்துப் போனாள். தெருமுனையில் அம்மாவின் தலை தெரிந்ததும் அணைத்துவிடுவார்கள். சூடு ஆறும்வரை மானிட்டருக்கு விசிறுவது தம்பியின் உத்தியோகம். எவ்வளவு நல்ல நாட்கள்!

இப்போதும் தம்பி மறக்காமல் ஊதினான். டிரைவ் முக்கி முனகியது. திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. மூலையில் லினக்ஸின் சின்னமான அந்தப் பென்குயின் வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சுடா!" அக்கா தன்னை மறந்து கத்திவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"என்ன வந்துடுச்சு?"

வாசலில் அம்மா. திரையைப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டிக்குள், டிஸ்க் இருக்க வேண்டிய காலி இடத்தையும் பார்த்தாள்.

இனி மறைத்து என்ன? "அம்மா, கோவிச்சுக்காதே. அந்த வருஷம் டிஸ்க் உன் பையில இருந்தப்ப, நாங்க இந்தச் சிடியைப் போட்டு…" அக்கா இழுத்தாள்.

அம்மா விருட்டென்று சமையலறைக்குப் போய்விட்டாள். "பாவி, நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று அக்கா தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அம்மா திரும்பி வந்தபோது கையில் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் கிடந்த சிடி. முந்தானையால் அழுத்தித் துடைத்து, திருப்பி மேஜைமேல் வைத்தாள். அதிலும் 'தாவரவியல் படங்கள்'. அதே உருண்டை எழுத்து.

"இதான்டி நீ எரிச்சது. அகராதியிலேர்ந்து விழுந்துச்சு. நீ எந்தக் காலத்துல தாவரவியல் படிச்சே? ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய்க் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பொண்ணுகிட்டக் காட்டினேன். உங்க பொண்ணு ஃபைலை அப்படியே காப்பி பண்ணியிருக்கா, இது ஜென்மத்துக்கும் ஓடாதுன்னு சொல்லி, வேற ஒண்ணு சரியா எரிச்சுக் கொடுத்தா. புதுசுல அந்தக் கார் ரேஸ் ஓடாதுன்னும் சொன்னா. அதுமேல உன் எழுத்துல எழுதப் பழகத்தான் ஒரு மத்தியானம் ஆச்சு. அப்படியே அகராதிக்குள்ள வெச்சுட்டேன்."

"அப்ப நான் ஊதினது?" என்றான் தம்பி.

அக்கா இரண்டு சிடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாம் தெரிஞ்சுமா வருஷம் பூரா அந்த டிஸ்க்கைத் தூக்கிட்டு அலைஞ்சே?"

"நான் தூக்கிட்டுப் போனாத்தானேடி நீ அந்தச் சிடியைப் போடுவே!" என்றாள் அம்மா.