உபயோகம் என்ற கட்டம்

கார்க் கதவைத் தொடுவதற்கு முன்பே அந்த அம்மா கையை நீட்டினார்.

"இன்ஸூரன்ஸ் பேப்பர்."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்ஸி ஸ்டாண்டில் என் வண்டி ஒன்றுதான் நின்றது. மற்றவர்கள் ரயில் நிலையம், பள்ளிக்கூடம் என்று சவாரி பிடித்துப் போய்விட்டார்கள்.

எங்கள் ஸ்டாண்டில் அந்த அம்மாவுக்குச் 'செக்கிங்' என்று பெயர். ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். செவ்வாய் தவறாமல் வருவார். எந்த வண்டி புதிது, எது பளபளவென்று இருக்கிறது என்றெல்லாம் பார்க்க மாட்டார். பேப்பரை வாங்குவார். அதில் 'உபயோகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் படிப்பார்.

'வாடகைக்கு' என்று இருந்தால் ஏறுவார். 'சொந்த உபயோகம்' என்று இருந்தால், மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஸ்டாண்டில் பன்னிரண்டு வண்டி. வாடகைக்கு என்று போட்டிருந்தவர்கள் இரண்டே பேர். அதற்குப் பிரீமியம் இரண்டு மடங்கு. மிச்சப் பத்துப் பேரும் வீட்டுக் கார் மாதிரி எழுதி வைத்துக்கொண்டு சவாரி ஓட்டினோம். நானும்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

செக்கிங் கேட்டார்.

இன்றைக்கு வேறு வண்டி இல்லை, ஏறித்தான் ஆக வேண்டும் என்ற தைரியத்தில் பேப்பரைக் கொடுத்தேன். குடைக்குள் பிடித்துப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வண்டி எதுவும் வரவில்லை. காற்று குடையை ஒரு பக்கமாக இழுத்தது. கணுக்கால் வரை தண்ணீர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பதினாறு வருஷமாக ஓட்டுகிறவன் நான். ஒரு அம்மா நனைந்துகொண்டு நிற்பாராம், என் வண்டியில் ஏற மாட்டாராம்.

இறங்கிப் போனேன்.

"வாடகையே வேணாம்மா, சும்மா வாங்க. காசு வாங்கலைன்னா அது சொந்த உபயோகம்தானே?"

அவர் யோசித்தார். நிஜமாகவே நின்று யோசித்தார்.

"இறங்கும்போது கேட்க மாட்டீங்களே?"

மாட்டேன் என்று தலையாட்டினேன். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். மேட்டுத் தெருவுக்குப் போகச் சொன்னார். பஸ் போகாத தெரு அது.

என் வாய் சும்மா இருக்கவில்லை.

அவருக்கு இடது கால் லேசாக இழுக்கும். எவனோ ஒருவனுடைய டாக்ஸியில் போய் அடிபட்டிருக்கிறார், வாரா வாரம் காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று ஸ்டாண்டில் எப்போதோ முடிவு கட்டியிருந்தோம். அதனால்தான் அவரை யாரும் முகத்துக்கு நேரே கேலி செய்வதில்லை. சுற்றி வளைத்து அதைச் சொன்னேன். எவனோ ஒருத்தன் செய்ததற்கு எங்கள் எல்லாரையும் ஒதுக்கி வைக்கலாமா என்றும் கேட்டுவிட்டேன்.

வைப்பர் இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது.

மேட்டுத் தெருவில் ஆஸ்பத்திரி எதுவும் இல்லை. ஒரு சின்ன வீட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னார். வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் ஒரு பெண் வாசலில் தவித்துக்கொண்டு நின்றாள். "இப்பதான் கண்ணு முழிச்சா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா" என்று கார் ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்துவிட்டு மழையில் ஓடினாள்.

வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தார். சத்தம் கேட்டுக் கண்களை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. சுவரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் அதே பெண் நின்று சிரிக்கிற போட்டோ.

உறவா என்று கேட்டேன்.

அவர் பெல்ட்டைக் கழற்றினார்.

"என் சவாரி."

எனக்குப் புரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், விலாசம் சொல்கிற மாதிரி நிதானமாக.

"ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி ஆக்ஸிடென்ட் ஆனப்ப இவங்க என் டாக்ஸில பின் சீட்டில இருந்தாங்க. ஓட்டினது நான். என் பேப்பர்லயும் சொந்த உபயோகம்னுதான் போட்டிருந்துச்சு. இன்ஸூரன்ஸ் கம்பெனி சல்லிக்காசு தரலை. பார்த்துக்க ஆள் வைக்க அவங்க வீட்டிலயும் வசதியில்ல, என்கிட்டயும் இல்ல. மத்த நாளெல்லாம் அவங்க அக்கா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரங்க. செவ்வாய்க்கிழமை என் முறை."

கதவைத் திறந்து, இழுக்கிற காலை முதலில் வெளியே வைத்து இறங்கினார். பிறகு குனிந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை வேணாம், தம்பி."

வண்டியைத் திருப்பினேன்.

மேடு இறங்குவதற்குள் இரண்டு பேர் கை காட்டினார்கள். ஒருவர் பெரிய பெட்டியோடு நின்றார், நிச்சயம் விமான நிலையச் சவாரி. நிறுத்தவில்லை.

இன்ஸூரன்ஸ் ஆபீஸ் பத்து மணிக்குத்தான் திறக்கும். பூட்டிய கதவின் முன்னால் முதல் ஆளாகப் போய் நின்றேன்.