கூட நின்ற தோஸ்த்

"ஃபுட்பால் கேமும் வராதாம்டா. இப்பத்தான் சென்னை டீலர் போன் பண்ணாரு," என்றான் தவ்ஃபீக்.

ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்கு வந்திருந்த ஜெயகரன், டிபன் கேரியரைக் கீழே வைத்தான். "இன்னாடா சொல்ற? கண்டிப்பா வரும்னாங்களே?"

"எல்லாருந்தான் சொன்னாங்க. மெஷின் வந்தப்போ ஒவ்வொரு கேம் கம்பெனியும் 'நாங்க இருக்கோம், இதுக்கு கேம் பண்ணித் தர்றோம்'னு நின்னான். மெஷின் சரியா விக்கலன்னதும் ஒவ்வொருத்தனா கழண்டுகிட்டான். ரேஸ் கேம்காரன் போய்ட்டான். ஃபைட்டிங்காரன் போய்ட்டான். இவன் ஒருத்தன்தான் பாக்கி இருந்தான்."

ஆம்பூர் பஜாரில், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த வீடியோ கேம் கடை. நான்கு டி.வி., நான்கு புது 'ஆர்கோ' மெஷின்கள். அதே ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்த தவ்ஃபீக், வேலையை விட்டுவிட்டு, மனைவி புஷ்ராவின் வளையல்களை விற்று ஆரம்பித்தது. திறந்த புதிதில் காலேஜ் பையன்கள் படியில் காத்துக்கிடந்தார்கள். இருந்த மூன்று கேமையும் ஆடி முடித்ததும், பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறு மெஷின் வைத்திருக்கும் கடைக்குப் போய்விட்டார்கள். இன்று யாருமே வரவில்லை.

"மூடிடலாம்னு இருக்கேன். நாளைக்கு கம்பெனிக்குப் போய், நிசார் பாய்கிட்ட பழைய வேலையைக் கேக்கறேன்."

"பைத்தியமா உனக்கு?" ஜெயகரன் பதறினான். "சொந்தமா தொழில் பண்றேன்னு தலை நிமிர்ந்து வெளிய வந்தவன்டா நீ. திரும்பிப் போய் கை கட்டி நிப்பியா? பாக்கறவன் சிரிப்பான். கொஞ்சம் பொறு தோஸ்த். வேற கேம் கம்பெனிக்காரன் வருவான்."

"வர மாட்டான்டா."

"வரலைன்னா நான் இருக்கேன். கம்பெனி பக்கம் மட்டும் போகாத."

தவ்ஃபீக் அவன் தோளில் கை போட்டான். வேலையை விட்ட பிறகு பழைய சிநேகிதர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் வருகிறவன் இவன் ஒருவன்தான்.

ஆனால், வளையல் இல்லாத கையால் புஷ்ரா சோறு போட்டபோது அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மறுநாள் காலை, ஜெயகரனிடம் சொல்லாமல் கம்பெனிக்குப் போனான்.

மேனேஜர் நிசார் அஹமது அவனை உட்காரவைத்து டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது.

"நீ திரும்பி வருவேன்னு தெரிஞ்சிருந்தா அந்த சீட்டை சும்மா வெச்சிருப்பேனே. நீ போன மறுநாளே ஆள் போட்டாச்சு."

"யாரு பாய்?"

"இன்னாப்பா, உங்கிட்ட சொல்லலையா? பேக்கிங்ல இருந்த உன் தோஸ்த் ஜெயகரன்தான். ரம்ஜானுக்கு முன்னாடியே வந்து, 'தவ்ஃபீக் சொந்தமா கடை வைக்கப் போறான், அந்த சீட்டை எனக்குக் குடுங்க'ன்னு கேட்டு வெச்சிட்டானே."

டீயை வாய்க்குக் கொண்டுபோன தவ்ஃபீக் அதைக் குடிக்காமல் மேஜைமேல் வைத்தான்.

'வேலையை விட்டுட்டு வீடியோ கேம் கடை வைடா, நல்லா ஓடும்' என்று ஜெயகரன் அவனிடம் முதன்முதலாகச் சொன்னதே, ரம்ஜான் முடிந்த பிறகுதான்.