இன்னொரு கால் ஷூ எங்கே?

"கால்ல பாரு, கால்ல. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு வெள்ளை. இப்படியா ஒருத்தன் மலேசியாவுக்காகக் குதிக்க வருவான்?"

புஷ்பவள்ளி அத்தை கைப்பேசியை மைதானத்துப் பக்கம் திருப்பினாள். வீடியோ காலில் இருந்தது அவள் தம்பி செல்வா. சிங்கப்பூரில் வேலை. மகன் நிரஞ்சன் ஜொகூர் பாருவில் அனைத்துலக ஜூனியர் போட்டியில் உயரம் தாண்டும் நாளில்கூட லீவு தராத வேலை.

"கிட்டக் காட்டுக்கா. ஒண்ணும் தெரியல."

"என்னத்தைக் காட்டுறது? போன மாசம் மழையில நனைஞ்சுகிட்டே பைக்குல கொண்டாந்தியே, அந்த சிவப்பு ஷூ. அதுல இடது கால் மட்டும்தான் இருக்கு. வலது காலைக் காணோம்."

பக்கத்தில் இருந்த வாசுகிக்கு முகம் செத்துவிட்டது. பெற்றவள் இல்லையா. ரெங்கத்து வீட்டிலிருந்து கிளம்பும்போதே, "புது ஷூவைப் பத்திரமா வெச்சுக்கடா" என்று மகனுக்கு மூன்று தடவை போன் போட்டிருந்தாள்.

"எங்கயாவது தொலைச்சிருப்பான் அண்ணி. வரட்டும், காதைத் திருகுறேன்."

மகன் ஆறடி மூன்று அங்குலம். திருகுவதென்றால் நாற்காலி போட்டு ஏற வேண்டும்.

மைதானத்தில் மிச்சமிருந்தது இரண்டே பேர். நிரஞ்சன், அப்புறம் கிர்கிஸ்தான் பையன் ஒருவன். இரண்டு மீட்டர் எட்டு சென்டிமீட்டரை இருவருமே தாண்டிவிட்டார்கள். நிரஞ்சன் முதல் முயற்சியிலேயே, மற்றவன் இரண்டாவதில். அடுத்து இரண்டு மீட்டர் பதினொன்று. நிரஞ்சன் மூன்று தடவையும் கம்பியைத் தட்டிவிட்டான். அந்தப் பையனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி. அவனும் தட்டினால், முந்தின உயரத்தை முதல் முயற்சியிலேயே தாண்டியதற்காகத் தங்கம் நிரஞ்சனுக்கு. தாண்டினால் அவனுக்கு.

அப்போதுதான் அத்தையின் கண்ணில் அது பட்டது.

"வாசுகி, அந்தப் பையன் காலைப் பாரு."

வலது காலில் சிவப்பு. இடது காலில் வெள்ளை.

"அடப்பாவி. நம்ம ஷூ."

"ஒத்த ஷூவை யாரு அண்ணி திருடுவாங்க?"

"நம்ம பையனை ஜெயிக்க விடாம பண்ணத்தான். நான் அப்பவே நினைச்சேன். நிரஞ்சன் வலப்பக்கம் இருந்து ஓடி வர்றான். இவன் இடப்பக்கம் இருந்து வர்றான். ஓடி வர்றதே திருட்டுத்தனமா இல்ல?"

அத்தைக்குச் சந்தேகம் வந்தால் விசாரணையெல்லாம் கிடையாது, நேரே தீர்ப்புதான். விறுவிறுவென்று படியிறங்கி, தடுப்புக் கம்பி ஓரம் நின்ற மலாய் அதிகாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ச்சிக், அந்தப் பையன் பென்சூரி லா. திருடன். அவன் போட்டிருக்கிறது எங்க ஷூ."

அவருக்குப் புரியவில்லையோ என்று தன் செருப்பைக் கழற்றியும் காட்டினாள். அதிகாரி இரண்டடி பின்வாங்கினார். பிறகு எதற்கும் கேட்டுவிடலாம் என்று நிரஞ்சனிடம் நடந்தார்.

"அவ்வளவுதான் செல்வா. நம்ம பையன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவனை வெளியே அனுப்பிடுவாங்க. தங்கம் நமக்கு."

வாசுகியும் தடுப்புக் கம்பிக்கு ஓடி வந்துவிட்டாள். "டேய் நிரஞ்சன், ஷூவைக் கேட்டு வாங்குடா."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நிரஞ்சன் அம்மாவைப் பார்த்தான். ஓடத் தயாராக நின்ற அந்தப் பையனைப் பார்த்தான். தலையை ஆட்டி அதிகாரியிடம் ஏதோ சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அதோடு விட்டானா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தாளம் போட்டுத் தட்ட ஆரம்பித்தான்.

"அலமாக். கை தட்டுறான் செல்வா. திருடனுக்குக் கை தட்டுறான்."

அந்தப் பையன் ஓடி வந்தான். எகிறினான். கம்பி லேசாக ஆடியது. விழவில்லை.

"போச்சு. வாயிருந்தும் ஊமை. உன்னை மாதிரியே வளர்த்து வெச்சிருக்க செல்வா," என்றாள் அத்தை.

பரிசளிப்பு முடிந்து நிரஞ்சன் வெள்ளிப் பதக்கத்தோடு வந்தான். வாசுகி பதக்கத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.

"ஷூவைத் திருடிட்டான்னு சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"திருடலம்மா. நான்தான் கொடுத்தேன். அவன் பேக் பிளேன்ல வந்து சேரவே இல்ல. இந்த வெள்ளை ஷூ அவனோடதுதான். இதுல குதிகால்ல ஆணி இல்ல, ஊன்றி எகிறும்போது வழுக்கிடும்."

"அதுக்கு?"

"நான் இடது காலை ஊன்றி எகிறுவேன். அவன் வலது காலை ஊன்றுவான். ஊன்றுற காலுக்குத்தான் ஆணி ஷூ வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ். ஆளுக்கு ஒண்ணு மாத்திப் போட்டுக்கிட்டோம்."

வாசுகி மகனின் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடைசித் தடவைக்கு முன்னாடி திருப்பிக் கேட்டிருந்தா தங்கம் உனக்குடா."

"கேட்டிருக்கலாம்மா. அதுக்கப்புறம் அந்த ஷூவைப் போட்டுக்க மனசு வருமா?"

அவன் பின்னால் அந்தப் பையன் நின்றிருந்தான். கழுத்தில் தங்கம். கையில், துடைத்துச் சுத்தமாக்கிய சிவப்பு ஷூ. வாசுகியிடம் இரண்டு கையாலும் நீட்டினான்.

வாசுகிக்குக் கண் கலங்கிவிட்டது. "இவன் சாப்பிட்டானா?" என்று கேட்டபடி, மகனுக்குக் கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அத்தை மட்டும் சும்மா இருப்பாளா? அந்தப் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியை உயரத் தூக்கினாள்.

"டேய் செல்வா, கண்ணைத் துடைச்சுக்கிட்டு நல்லாப் பாரு. இந்தத் தங்கத்துல வலது கால் நம்ம வீட்டுது. அது நம்ம ஷூதான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"