அவளுக்காக ஒரு சொட்டு

"அவ பாவம், சௌந்தரம். அம்மாம் பெரிய பங்களாவுல பேச்சுத்துணைக்கு ஆளில்லாம கெடக்குறா," என்றார் உத்திராபதி. கண் கலங்கியிருந்தது.

சௌந்தரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகப் புருஷன் வாயில் அவள் பேச்சுதான்.

"காசு கொட்டிக் கெடக்குல்ல? அந்த மகராசிக்கு என்ன கொற?"

"டான்ஸுன்னா அவளுக்கு உசுரு. கட்டிக்கிட்டவன் ஆடக்கூடாதுன்னுட்டான். ராட்சசன்!"

"இன்னிக்காவது அவள விடுவீங்களா, மாட்டீங்களா?"

"இன்னும் இருபது பக்கந்தான்," என்றபடி, கடலூர் லைப்ரரியில் எடுத்த நாவலைப் பிரித்தார்.

சௌந்தரம் அதைப் பிடுங்கி மூடினாள்.

"சிதம்பரத்துல நாட்டியாஞ்சலிக்கு ஆடுனவ நான். கல்யாணமான மறுநாளே என் சலங்கையப் பரண்ல தூக்கிப் போட்டது யாரு மாமா? எனக்காக ஒரு சொட்டு விட்டீங்களா?"