குளிக்கிறார்

கீசர் கெட்டுப்போன அன்றே குழந்தைவேலு கம்பெனிக்குப் புகார் கொடுத்துவிட்டார். மூட்டுவலிக்காரர், பச்சைத் தண்ணீர் மேலே பட்டாலே கத்துவார். "இன்னைக்குக் கண்டிப்பா ஆள் வந்துரும் சார்" என்று பத்தொன்பது நாட்கள் சொன்னார்கள். இருபதாம் நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "கம்ப்ளெயின்ட் குடுத்த சார்கிட்டதான் பேசணும் மேடம்."

இறந்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் மனைவி சௌந்தரத்துக்கு நாக்கு வறண்டிருந்தது. "அவரு குளிக்கிறாரும்மா" என்றாள்.

"அப்ப சுடுதண்ணி வருதுல்ல? கம்ப்ளெயின்ட்ட முடிச்சிடறேன்."

"ஐயோ, முடிச்சிராதம்மா," சௌந்தரம் பதறினாள். "பச்சைத் தண்ணியிலதான் குளிப்பாட்டுனோம்."